அவிநாசி மதலையும் பன்னிரண்டு சூத்திரமும்

சைவ சித்தாந்தம் கற்கப் புகுவார் பலர்க்கும் ஓர் ஐயம் நிகழ்வதுண்டு. பதி பசு பாசம் என்னும் முப்பொருளின் இயல்பும், அவற்றின் தொடர்பும், வீடுபேறும், அதனை அடைதற்குரிய சாதனமும் ஆகிய அனைத்தும் சிவஞானபோதத்துப் பன்னிரண்டு சூத்திரங்களில், நாற்பதே அடிகளில் அடங்கிக் கிடக்கின்றன. அங்ஙனமாகப் பதினெண்ணாயிரத்தின் மிக்க திருமுறைப் பாடல்களையும், அவற்றின்மேல் எழுந்த தலபுராணங்களையும் ஒருவன் ஏன் ஓதி உழலல் வேண்டும்? நெல்லைக் குற்றி அரிசி கண்ட பின்னரும் உமியைப் பேணிக் காப்பார் உளரோ? இவ்வாறு வினவியவர் போத்தனூரில் எம்முடன் சில காலம் சாத்திரம் பயின்ற இளைஞர் ஒருவர். தருக்கத்தில் கூரிய அறிவுடையார். ஆயினும் கோயிலிற் பண்ணோடு தேவாரம் பாடக் கேட்டால் எழுந்து புறம்போய் விடுவார். அவர்க்கு நேர் எதிராக, அவ்வகுப்பிலேயே முதியவர் ஒருவரும் இருந்தார். அவர் கூற்று, "பாட்டு ஒன்றே சாலும், ஏதுவும் எடுத்துக்காட்டும் எமக்கு எதற்கு?" என்பது.

இவ்விருவர் வழக்கையும் தீர்த்தல் எளிதென்றே யான் நெடுநாள் கருதியிருந்தேன். இலக்கியம் உடல், தத்துவம் உயிர் என்றாற் போல்வதொரு விடையைக் கூறி அமைந்துவிடுவேன். அவ்விடை விடையன்று என்பதனைக் கொங்குநாட்டுச் சிற்றூர் ஒன்றில் அம்மையார் ஒருவர் எனக்கு உணர்த்தினார். அதனைப் பின்னர்க் கூறுவேன்.

முதற்கண், உமியும் அரிசியும் என்ற உவமை சாத்திரங்களுக்கே பொருந்துமாறில்லை. மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் முன்னெழுந்தது திருவுந்தியார். மகளிர் உந்தி பறந்து ஆடும் விளையாட்டுப் பாட்டின் யாப்பை மாணிக்கவாசகர் முன்னரே திருவாசகத்துள் எடுத்தாண்டனர். திருவியலூர் உய்யவந்ததேவர் அவ்விளையாட்டு யாப்பிலேயே நிட்டையின் நுட்பங்களை அமைத்தனர். உமாபதி சிவனாரோ கொடியேற்றத்தைப் பொருளாக்கிக் கொடிக்கவியும், வினாவும் வெண்பாவுமாக வினாவெண்பாவும், நெஞ்சைத் தூதாக ஆசிரியன்பால் விடுக்கும் நெஞ்சுவிடு தூதும், குறள் வெண்பா நூறாகத் திருவருட்பயனும் அருளினர். தூது என்பது அகத்துறை. தலைவனைப் பிரிந்தாள் அன்னத்தையும் முகிலையும் விடுத்தல் புலவர் மரபு. அம்மரபை உமாபதி சிவனார் மேற்கொண்டது அணிநலம் கருதியென்று கொள்ளுதல் பொருந்தாது. உயிர் தானே அறியமாட்டாது, அறிவித்தாலன்றி அறியாது என்பது சித்தாந்தத்தின் உயிர்நிலை. தன்னால் இயலாத ஒன்றனைப் பிறிதொருவர்பால் வேண்டி நிற்கும் நிலைக்குத் தூது என்னும் யாப்புவடிவமே தக்க உறையுள். இக்கருத்தை நூற்பாவாற் சொல்லின் கேட்போன் அதனை அறிந்தவனாவான். தூதாற் சொல்லின் அறியாமையுடையவனாகவே நின்று இரப்பவனாவான். இவ்விரண்டற்கும் வேற்றுமை பெரிது.

இன்னும் ஒன்று. சிவஞானபோதத்தையே எடுத்துக்கொள்க. மெய்கண்ட தேவர் ஒவ்வோர் அதிகரணத்தையும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என வகுத்தனர். மேற்கோளும் ஏதுவும் உரைநடை, எடுத்துக்காட்டோ வெண்பா. தருக்கத்தின் உறுப்புக்களுள் ஒன்றே செய்யுளாய் நிற்கின்றது. மாணாக்கர் பலர் அவ்வெண்பாக்களை மனப்பாடத்திற்கு உதவுவன என்று கடந்து செல்வர். யான் கண்ட வகையில், ஏது முடித்துக்காட்டிய பொருளைக் கேட்போன் நெஞ்சம் சென்று பற்றுதற்குரிய இடம் அவ்வெண்பாவேயாம். பற்றாதவழி அறிவு தெளிதல் என்னும் படியில் ஏறாது, கேட்டல் என்னும் படியிலேயே நின்றுவிடும். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்று சாத்திரம் கூறுகின்றதன்றோ? அவ்வியல்பு உண்மையாயின், எதனைச் சார்ந்து நிற்கின்றோம் என்பதும், எத்துணைப் பொழுது நிற்கின்றோம் என்பதும் சிறுபொருளல்ல. சூத்திரம் ஓதி முடிக்கும் காலம் நொடிப்பொழுது. ஒரு புராணத்துட் புகுந்தவன் பல நாள் அதனுள் வாழ்கின்றான். இலக்கியத்தின் ஆற்றலுக்குச் சித்தாந்தத்துள்ளேயே காரணம் உளதென்பதற்கு இது சான்றாம்.

இனிக் கொங்கிற்கு வருவோம்.

திருப்புக்கொளியூர் அவிநாசியிற் சுந்தரமூர்த்தி நாயனார் முதலையுண்ட மதலையை மீட்டருளிய வரலாறு அறியாதார் இலர். ஐந்து வயதுச் சிறுவர் இருவர் குளத்தில் ஆடச் சென்றனர், ஒருவனை முதலை விழுங்கிற்று, ஒருவன் பிழைத்தான். ஆண்டுகள் சென்றபின் நாயனார் அவ்வீதி வழியே எழுந்தருளியபொழுது ஒரு மனையில் மங்கல ஒலியும், எதிர்மனையில் அழுகை ஒலியும் ஒருங்கே கேட்டன. பிழைத்த சிறுவனுக்கு உபநயனம் நடக்கும் நாள் அது. இவ்விரண்டு ஒலிகளையும் ஒரே வீதியில் ஒரே பொழுதில் எதிரெதிர் வைத்தது சேக்கிழார் பெருமானின் மாட்சி.

இவ்வரலாற்றைத் தத்துவமாக விரித்தல் சொற்பொழிவாளர்க்கு எளிது. மதலை உயிர், முதலை ஆணவமலம், குளம் பிறவிக்கடல், கரையில் நின்று பாடுவோர் குருமூர்த்தி, மீட்சி வீடுபேறு. பொருத்தம் எல்லாம் குறைவின்றி அமையும், அவையோர் தலையசைப்பர். யானும் பல ஊர்களில் அங்ஙனமே விரித்திருக்கின்றேன். நொய்யலாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் ஒருநாள் இரவு அவ்வாறு பேசி முடித்து இறங்கியபொழுது, வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் அருகில் வந்தார். பல்லாண்டுகட்கு முன் தம் மகனைத் தோட்டத்துக் கிணற்றில் இழந்தவர் என்பதனைப் பின்னர்ப் பிறர் சொல்லி அறிந்தேன். அவர் வினவியது இது: "ஏனுங்க சாமி, அந்தப் பையனைப் பெத்தவ அத்தன வருசம் எப்படிங்க இருந்தா?"

யான் வாய்திறக்க இயலாது நின்றேன். என் விரிவுரையில் உயிர் இருந்தது, மலம் இருந்தது, பிறவி இருந்தது, குரு இருந்தார். பெற்றவள் ஒருத்தி இருந்திலள். அவளுக்கு அப்பட்டியலில் ஒப்புமைப் பொருள் யாதும் கிடையாமையின் அவளை விட்டுவிட்டேன். விட்டதனை அறிந்துமிலேன்.

அன்றிரவே வீடு வந்து வெள்ளானைச் சருக்கத்தை விரித்து நோக்கினேன். சேக்கிழார் பெருமான் அவளை விட்டாரல்லர். அழுகைமனைக்குரிய மறையவரும் மனைவியாரும் நாயனார் எழுந்தருளினார் எனக் கேட்டுத் தம் துயரை மறைத்து முகமலர்ந்து எதிர்வந்து பணிகின்றனர். மகனை மீட்டுத் தருக என்று அவர்கள் கேட்டார்களில்லை. அடியவர் வந்தார் என்ற மகிழ்ச்சியே அவர்கள் முகத்தில் உள்ளது. மகனை இழந்தவர் நீவிரோ என நாயனார் வினவிய பின்னரே செய்தி வெளிப்படுகின்றது. அதனைச் சொல்லும்போதும் தம் நெடுநாளைய அன்பு பழுதுறாமல் நாயனார் வந்தருளியதையே அவர்கள் பேசுகின்றனர். மகனை இழந்த துன்பத்தையும் மறந்து யான் வந்ததற்கு மகிழ்ந்தனரே என்று நாயனார் உள்ளம் உருகுகின்றது. அம்மதலையை முதலைவாயினின்று அழைத்துக் கொடுத்த பின்னரே அவிநாசிப் பெருமான் திருவடியைப் பணிவேன் என்று அவர் துணிகின்றார்.

இவ்விடத்தைச் சாத்திரங் கற்றார் ஊன்றி நோக்குதல் வேண்டும். பன்னிரண்டாஞ் சூத்திரம் சீவன்முத்தர் செயலைக் கூறுங்கால், அடியாரது திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே கண்டு வழிபடுக என்று இரண்டனையும் ஒருங்கு வைத்து விதிக்கின்றது. பெற்றோர் செய்தது அவ்விதியின் முற்பகுதி. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அடியாரைச் சிவனெனத் தொழுதனர். அவ்விதியை அத்துணைக் கடுமையான நிலையில் நிறைவேற்றியோரைச் சூத்திரம் நமக்குக் காட்டாது. காட்டுதல் அதன் தொழிலன்று. நாயனாரோ கோயில் வழிபாட்டைப் பிற்படுத்தி அடியாரது துயர்களைதலை முற்படுத்தினர். வேடமும் ஆலயமும் என்று ஒருங்கு எண்ணப்பட்டவற்றுள், ஒன்று காத்து நிற்கலாம், ஒன்று காத்து நிற்க இயலாது என்னும் நிலை எய்தினால் யாது செய்வது? சூத்திரத்தின் சொற்களுள் இவ்வினா எழவில்லை. உரையாசிரியர்க்கும் எழவேண்டிய கட்டாயமில்லை. அவிநாசி வீதியில் எழுந்தது. விடையும் அவ்வீதியிலேயே கிடைத்தது. இலக்கியம் தத்துவத்தை விளக்குகின்றது என்போம். இங்கே இலக்கியம் விளக்குவதோடு அமையாமல் தத்துவத்தின் எல்லையை ஓரடி முன்கொண்டு செல்லுகின்றது.

அற்றேல் சாத்திரம் இவ்வரலாற்றிற்கு யாது தருகின்றது எனின், நிற்குமிடம் தருகின்றது. முதலை விழுங்கிச் செரித்த உடம்பு ஆண்டுகள் சென்றபின் மீளுமோ என்று வினவும் அறிவுடையார்க்குப் பாட்டு விடை கூறாது. முதற் சூத்திரம் கூறும். சங்காரம் என்பது முற்றழிவன்று, காரணத்தில் ஒடுங்குதல். ஒடுக்கியவன் எவனோ அவனிடத்திருந்தே மீளத் தோற்றம். உள்ளதே தோன்றும், இல்லது தோன்றாது என்னும் சற்காரியவாதம் இதற்கு அரண். அழிவின்மை என்ற பொருளையே தன் பெயராக உடைய தலத்தில் இந்நிகழ்ச்சி நடந்தது என்பதும் நினைக்கத்தக்கது. மேலும், ஏழாந் திருமுறையில் அத்தலத்துப் பதிகத்தை நோக்கின், மதலையைக் குறித்த வேண்டுகோள் அதன் நான்காம் பாட்டு ஒன்றிலேயே வருகின்றது. அதுவும் முதலையை விளித்து எழுந்ததன்று. முதலைக்கும் காலனுக்கும் நீ சொல்லுக என்று இறைவனை நோக்கியே எழுந்தது. கருவிகள் எல்லாம் அவன் ஏவல்வழி நிற்பன, காலனும் ஏவலாளனே. பதியிலக்கணத்தைக் கற்றவன் அப்பாட்டில் வேண்டுகோள் சென்று சேரும் இடத்தைக் கண்டு வியப்பான். கல்லாதவன் அற்புதத்தை மட்டும் கண்டு வியப்பான். இருவரும் வியத்தல் நன்றே. ஆயினும் முன்னவன் வியப்பு ஐயம் வந்தபொழுது கலையாது.

முதலை கக்கிய மைந்தன் ஐந்து வயதினனாய் வரவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு வந்தான் என்பர் சேக்கிழார். உருவகமாக விரிப்பார்க்கு இச்செய்தியால் ஒரு பயனுமில்லை. பெற்றவளுக்கு இதனினும் பெரிய செய்தி வேறொன்றில்லை.

ஒப்புமைப் பட்டியல் எத்துணைத் தூரம் தவறச் செய்யும் என்பதற்குத் திருமுருகன்பூண்டியும் ஒரு சான்று. அவிநாசிக்கு அணித்தாய தலம் அது. சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரம் அரசகுமரன் ஒருவன் வேடரிடை வளர்ந்து தன்னை மறந்திருந்தாற்போல உயிர் ஐம்புலன்களாகிய வேடரிடைத் தன்னை மறந்திருந்தது என்று உருவகிக்கின்றது. இச்சூத்திரத்தை நெட்டுருச் செய்த மாணாக்கன் வேடர் என்ற சொல்லைக் கண்ட இடமெல்லாம் ஐம்புலன் என்று பொருளெழுதப் புகுவான். பூண்டியிலோ சேரமான் பெருமாள் அளித்த பொருளைக் கவர்ந்த வேடர் சிவபெருமான் ஏவிய பூதகணங்கள். தானே கொடுப்பதன்றிப் பிறர் கொடுப்ப நம்பியாரூரர் கொள்ள ஒண்ணாது என்னும் பேரன்பின் உரிமையே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றது. ஆண்டு வேடர் மறைப்பவர். ஈண்டு வேடர் அருளின் கைகள். திரோதானமும் அருளே என்னும் நுட்பத்தைக் கற்றவன் இவ்விரண்டையும் இணைத்துக் காண்பான். ஆயின் அவ்விணைப்பு அகராதியால் வருவதன்று. பதிகத்தில் நாயனார் இவ்விடத்து நீ எதற்கு இருக்கின்றாய் என்று இறைவனைக் கடிந்து வினவும் உரிமைக்குரலைக் கேட்டவனுக்கே வருவது.

இனிப் பேரூர். போத்தனூரிலிருந்து சில கல் தொலைவில் காஞ்சிமாநதியாகிய நொய்யலின் கரையில் உள்ள இத்தலத்தை மேலைச் சிதம்பரம் என்பர். சுந்தரர் தில்லையிற் பாடிய பதிகத்துள், மீகொங்கிற் பேரூர்ப் பெருமானை நினைந்து கூறுகின்றனர். இத்தலத்துப் புராணம் 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துக் கச்சியப்ப முனிவரால் இயற்றப்பட்டது. அவர் சிவஞான முனிவரின் மாணாக்கர். சிவஞானபோதத்துக்கு மாபாடியம் கண்ட அதே சிவஞான முனிவர் காஞ்சிப் புராணத்தின் முதற்காண்டத்தையும் பாடினர். இரண்டாங் காண்டத்தை நிறைவித்தவர் கச்சியப்பர். தமிழில் சித்தாந்தத்தின் மிக நுண்ணிய தருக்கநூலை எழுதிய எழுத்தாணியே நகரின் மதிலையும் பொழிலையும் பாடிற்று. உமியென்று அவர் கருதினாரெனில் அதன்பொருட்டு வாழ்நாளைச் செலவிட்டிரார். இதனை அவ்விளைஞர்க்குக் கூறியபொழுது, "அது ஓய்வுநேரப் பணியாகலாம்" என்றார். காஞ்சிப் புராணத்தை ஓதியவர் எவரும் அதனை ஓய்வுநேரப் பணி என்னார்.

பேரூரில் பிறவாப்புளி என்றொரு மரம் உண்டு. அதன் வித்து முளையாது என்பது வழங்கிவரும் செய்தி. இறவாப்பனையும் உண்டு. வறுத்த வித்து முளையாதவாறு போல ஞானத்தீயால் வெந்த வினை பிறவியைத் தாராது என்பது சாத்திரம் அறிந்தார்க்குப் பழகிய உவமை. இங்கே அவ்வுவமை கோயிலருகே மரமாய் நிற்கின்றது. ஊரார் அதனைக் குழந்தைகட்குக் காட்டிச் சொல்லுகின்றனர். குழந்தை புளியங்கொட்டையை நினைக்கின்றது, வினையை நினைப்பதில்லை. அதனாற் குறையில்லை. அக்குழந்தை வளர்ந்து சஞ்சிதம் என்ற சொல்லைக் கேட்கும் நாளில், அச்சொல் சென்று தங்குதற்கு உள்ளத்தில் ஒரு மரம் முன்னரே வளர்ந்திருக்கும்.

அப்புராணத்திலேயே இறைவன் பள்ளனாகவும் இறைவி பள்ளியாகவும் வயலிலிறங்கி நாற்றுநட்ட வரலாறு வருகின்றது. சுந்தரர்க்கு நந்திதேவர் அதனைக் காட்டிக் கொடுத்தனர் என்பர். ஆனித்திங்களில் பேரூரில் நாற்று நடவு விழா நடைபெறுவது இதனை ஒட்டியே. ஐந்தொழிலையும் விகாரமின்றிச் சந்நிதிமாத்திரையிற் செய்பவன் என்று சாத்திரம் சொல்லும் பதியைப் புராணம் முழங்காலளவு சேற்றில் நிறுத்துகின்றது. முரண் என்று தோன்றும். வினையால் வரும் உடம்பு அன்று, அருளால் மேற்கொண்ட திருமேனி என்று சித்தாந்தம் விடையிறுக்கும். அவ்விடை முற்றும் சரியே. எனினும் அவ்விடையைச் சொல்லிவிட்டுச் சேற்றைத் துடைத்துவிடுதல் கூடாது. சேறுதான் அங்கே செய்தி.

இவ்வூரிற் குருபீடம் நிறுவிய சாந்தலிங்க அடிகளாரும் இங்கே நினைக்கத்தக்கவர். 17ஆம் நூற்றாண்டினராகிய அவர் அருளிய நூல்கள் கொலை மறுத்தல், வைராக்கிய சதகம், வைராக்கிய தீபம், அவிரோத உந்தியார் என நான்கு. திருப்போரூர்ச் சிதம்பர சுவாமிகள் அவற்றிற்கு உரைகண்டனர். சமயங்களுக்குள் முரணின்மையைக் கூறும் நூலுக்கு அவர் தெரிந்துகொண்டதும் அவ்வுந்தி யாப்பே. வாதத்திற்குரிய பொருளை விளையாட்டு மகளிர் பாட்டில் வைத்ததனால் வாதம் தன் முள்ளை இழந்தது.

இத்துணையும் கூறியது கேட்டு, பாட்டு ஒன்றே சாலும் என்ற முதியவர் மகிழ்வாராயின் அவர்க்கும் ஒன்று சொல்லக் கடவேன். பாட்டு அன்பின் மிகுதியில் எழுவது; மிகுதியில் எழுவதனைச் சொல்வழியே பற்றுவார் வழுவுவர். நானே நீயாயினேன் என்னும் கருத்துப்பட அடியார் பாடுமிடத்தை ஏகான்மவாதியார் தமக்குச் சான்றாக எடுத்துக்கொள்வர்; வினையை முற்றும் இகழ்ந்து பாடுமிடத்தைச் சோம்பர் தமக்குச் சான்றாக்குவர். கரையில்லா நீர் வயலுக்குப் பாயாது. ஆதலின் நம் ஆசிரியர் பாட்டையும் சாத்திரத்தையும் ஒன்றன் மேலொன்றாக வைத்து ஓதினர். திருக்களிற்றுப்படியார் சண்டீசர், சிறுத்தொண்டர் முதலியோர் அருஞ்செயல்களை வல்வினை என்று பெயரிட்டு நூலுள்ளேயே ஆராய்கின்றது. இன்னும் சிறந்த சான்று உமாபதி சிவனார் தொகுத்ததாக வழங்கும் தேவார அருள்முறைத் திரட்டு. திருவருட்பயனின் பத்து அதிகாரத் தலைப்புகளின்கீழ் மூவர் தேவாரத்தினின்றும் 99 பாடல்கள் அதனுட் கோக்கப்பட்டுள்ளன. ஒரு தலைப்பின் குறட்பாக்களை ஓதி, அத்தலைப்பின் தேவாரத்தையும் உடன் ஓதினால், குறள் பாட்டுக்கு உரையோ, பாட்டு குறளுக்கு உரையோ என்று துணிய இயலாது. மாணாக்கர்க்கு யான் இப்பொழுது இம்முறையிலேயே பாடஞ் சொல்லுகின்றேன். முன்னர்ச் சாத்திரத்தை ஒரு யாண்டும் திருமுறையை ஒரு யாண்டுமாகப் பிரித்து வைத்தது என் பிழை.

கோவையில் வழக்கறிஞராக வாழ்ந்த சிவக்கவிமணி சி. கே. சுப்பிரமணிய முதலியார் பெரியபுராணத்திற்கு ஏழு தொகுதிகளாக உரைகண்டார். கோவைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக அது வெளிவந்தது. அவ்வுரையில் ஒரு செய்யுளின் சொல்நயம் கூறும் பத்தியும், சாத்திரக் கருத்தை எடுத்துக்காட்டும் பத்தியும், அத்தலத்துக்குச் செல்லும் வழி கூறும் பத்தியும் அடுத்தடுத்து வரும். வழிகூறும் பத்தியைக் கண்டு சிலர் நகைப்பதுண்டு. சாத்திரப் பொருளை உணர்ந்தவன் அந்த ஊருக்கு நடந்தும் செல்லல் வேண்டும் என்று அவர் கருதினார் போலும்.

அவ்வம்மையாரை மறுமுறை காணும் வாய்ப்புக் கிடைத்தது. அவர் வினாவுக்கு விடையாக வெள்ளானைச் சருக்கத்தின் அப்பகுதியை மட்டும் உரைநடையிற் கூறினேன். மலம் என்ற சொல்லை எடுத்திலேன். எதிர்மனை மங்கல ஒலி கேட்டு இவள் மனையில் அழுகை எழுந்தது என்ற இடத்தில் அவர் தலையசைத்து, "ஆமாங்க" என்றார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அடியவரை எதிர்கொண்டாள் என்றபொழுது ஒன்றும் பேசிற்றிலர். மைந்தனைப் பெற்றபின் நாயனார் அவனையும் பெற்றோரையும் உடன்கொண்டு அவிநாசிப் பெருமானைப் பணிந்து, அதன்பின் அவனுக்கும் முரசியம்பப் பூணூல் மங்கலத்தை முடித்து வைத்தே மலைநாடு சென்றனர் என்று முடித்தேன். "அந்த எதுத்த ஊட்டுக்காரங்களும் வந்திருப்பாங்க" என்றார் அவர். சேக்கிழார் அதனைச் சொல்லவில்லை. வந்தேயிருப்பர்.